டகோட்டாவின் பக்க யன்னல்

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகிற வழியில், புளியங்குளத்துக்குக் கிட்ட, வீதியோரமாக ஒரு விமானம் நிற்கிறது. யாரோ கையில் காசுள்ள மனிதர் பழைய விமானம் ஒன்றின் உடலை வாங்கி, துண்டு துண்டாக லொறியில் கொண்டுவந்து பொருத்தி, வெள்ளையும் நீலமும் அடித்து, செட்டைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் வீதிவரை கேட்கும்.

அதை நான் முதன்முதலாகக் கண்டது, இவருக்குக் கண் ஒப்பரேசன் செய்யப் போன அன்று. பரந்தனில் பஸ் ஏறும்போதே யன்னலோரம் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, முன்னால் நிற்கிற ஆளையே அடையாளம் பிடிக்க முடியாத மனுசனுக்கு யன்னலோரம் எதற்கு என்று கேட்டேன். காற்று வாங்க என்றார். அந்த விமானம் அவருடைய முகத்துக்கு நேரே கடந்து போயிற்று. ஏதோ வெள்ளைக் கட்டடம் என்று நினைத்திருப்பார். நல்லவேளை இந்த மனுசனுக்குக் கண் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கண் ஒப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பெண்சாதி நினைக்கிற நினைப்பா இது என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

விமானங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் தெரியும். மூக்கை நிமிர்த்திக்கொண்டு, வாலைச் சின்னச் சில்லொன்றில் ஊன்றிக்கொண்டு, ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கும். செட்டைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். டகோட்டா. கலியாணம் கட்டிய முதல் வருசத்தில் இவர் என்னுடைய பெயரைச் சொன்னதை விட இந்தப் பெயரைச் சொன்னதுதான் அதிகம்.

இவர் கொழும்பில் விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவர். இரவு வேலை முடிந்து காலையில் வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் மணக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த எஞ்சின் அப்படி ஒழுகுமாம். “ஒழுகாமல் நிண்டால்தான் பயப்படவேணும், உள்ள எண்ணெய் முடிஞ்சுது எண்டு அர்த்தம்,” என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். விமானத்தை ‘அவள்’ என்றுதான் சொல்லுவார். அவள் இன்று தடிமன் பிடித்தவள் மாதிரி இருமினாள், அவளுக்கு மழை என்றால் ஆகாது, கண்ணாடிச் சட்டத்தால் ஒழுகி விமானிகளின் மடியெல்லாம் நனைந்துவிட்டது என்று ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவளையே கட்டியிருக்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். அவள் சமைக்கமாட்டாள் என்றார்.

அவளுடைய பழைய கதையையும் நான் இவரிடம்தான் கேட்டேன். அவளை முதலில் கட்டியது பணக்காரர் படுத்துறங்கிக்கொண்டு பயணம் போவதற்காம். பிறகு உலக யுத்தம் வந்தது. கதிரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் நீள வாங்குப் பலகை அடித்து, பட்டாளத்தை ஏற்றினார்கள். யுத்தம் முடிந்ததும் வேண்டாத பொருளாக ஆயிரக்கணக்கில் மலிவாக விற்றார்கள். அப்படித்தான் எங்கள் நாட்டுக்கும் வந்து சேர்ந்தாள். திரும்பவும் கதிரை பூட்டி, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் ஆட்களை ஏற்றினார்கள். “எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவள். இனிச் சனத்தை மட்டும்தான் காவுவாள்,” என்று இவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். குடியை விட்டுவிட்ட அண்ணனைப் பற்றிச் சொல்லுகிற தம்பியின் பெருமை.

அவர் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது. விமானம் புறப்படுமுன், இவர் இடது பக்க எஞ்சினுக்கு முன்னால், காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் போய் நிற்பார். எஞ்சின் புகைத்து, இருமி, சீராக ஓடத் தொடங்கியதும் உருளாமல் இருக்கச் சில்லுக்கு வைத்த கட்டைகளை எடுப்பித்து, எல்லாம் சரியா என்று ஒருமுறை பார்ப்பார். மேலே கப்டன் தன்னுடைய பக்க யன்னலைப் பின்னுக்குத் தள்ளித் திறப்பார். யன்னல் திறந்த உடனே இவர் வலக்கையை நேரே மேலே உயர்த்திக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். போகலாம் என்று அர்த்தம். கப்டனும் யன்னலால் கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டுவார். இந்த இரண்டு கையும் ஒன்றையொன்று காணாமல் விமானம் ஓர் அடி நகராது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தக் கையை உயர்த்தியிருப்பாரோ தெரியாது. யன்னல் திறக்கிற சத்தத்துக்குக் கை தானாக எழும்பும் என்பார்.

தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழுக் கலவரத்தோடு எங்களுக்குக் கொழும்பு முடிந்தது. கைக்குழந்தையாக இருந்த மகளோடு கப்பலேறி வந்தோம். என்னுடைய மாமா ஒருவருக்குக் கண்டாவளையில் குடியேற்றக் காணி இருந்தது. அதில் ஒரு பங்கை எங்களுக்கு எழுதித் தந்தார். மண்வெட்டி பிடித்து அறியாத மனுசன் வரம்பு கட்டப் பழகினார். இரண்டு போகம் பொய்த்து, மூன்றாவதில்தான் நெல்லைக் கண்ணால் கண்டோம். டகோட்டாக்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள் என்று கொழும்பிலிருந்து யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை இவர் நாலைந்து நாள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு மாரியில், வேலையில்லாமல் இருந்த நாட்களில், குசினியின் பின்சுவரில் விமானியறையைக் கட்டத் தொடங்கினார். கரியால் கோடு கீறி, சோடா மூடிகளை ஆணியால் அடித்து, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு முள் வரைந்தார். வேகம் காட்டுவது, உயரம் காட்டுவது, எண்ணெய் காட்டுவது. அடிவானம் காட்டுகிற மணிக்கூட்டுக்குப் பாதிச் சிரட்டையை எடுத்து மேல்பாதிக்கு நீலமும் கீழ்ப்பாதிக்கு மண்ணிறமும் பூசினார். நடுவில் வேலிக்கம்பில் செய்த நெம்புகோல்கள், சோடி சோடியாக. முன்னால் இரண்டு கதிரை. இடது கதிரைக்கு முன்னால் பழைய சைக்கிள் ஹாண்டில். என்னுடைய மிளகாய்ச் சாடி வைக்கிற தட்டு அந்த யாகத்தில் காணாமல் போனது.

இடது கதிரை மகளுடையது. அவள்தான் கப்டன். இவர் மெக்கானிக், கிணற்றடிப் பக்கம் போய் நிற்பார். வாயால் எஞ்சின் போடுவார். முதலில் இருமல், பிறகு கடகடப்பு, பிறகு அடித்தொண்டையில் ஒரு நீண்ட உறுமல். உண்மையாகவே எச்சில் தெறிக்கும். மகள், அந்தச் சுவரில் இல்லாத யன்னலைத் திறப்பாள். இவர் கையை உயர்த்துவார். அவளும் உயர்த்துவாள். சிலநாள் இருவரும் இடம் மாறுவார்கள். அப்போது அவள் கிணற்றடியில் நின்று, தோள்மூட்டுக் கழன்றுவிடும்போலக் கையை நிமிர்த்துவாள். “முழங்கை மடங்கக்கூடாது பிள்ளை, மடங்கினால் கப்டனுக்குச் சந்தேகம் வந்திடும்,” என்று இவர் திருத்துவார். அவளுக்கு எட்டு, ஒன்பது வயதுவரை இது நடந்தது.

வானத்தில் விமானம் வந்தால் பயப்படவேண்டும் என்பதை எங்கள் பக்கத்துச் சனம் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. பங்கர் என்ற சொல்லே புதிது. பக்கத்துக் காணிக்காரர் புளியமரத்தின் கீழ் ஒன்று வெட்டியிருந்தார். நாங்களும் வெட்டத் தொடங்கி இடுப்பளவில் விட்டிருந்தோம், அறுவடை முடியட்டும் என்று. ஹெலி வந்தால் ஓடுவோம். குண்டு போடுகிற விமானத்தின் சத்தம் வேறு என்று இவர் மகளுக்குப் பிரித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். எதற்கு ஓடவேண்டும், எதற்கு ஓடத் தேவையில்லை என்று. இனிமேல் சொல்லப்போவதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

ஒரு முற்பகல். நான் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் மகள் பக்கத்துக் காணிக்கு ஓடினாள், அப்படித்தான் பழக்கியிருந்தோம். புளியமரத்துக்குக் கிட்டப் போய்விட்டாள். அப்போது வயலுக்குள் நின்ற இவர் தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் கண்டேன். பத்து வருசமாகக் கேட்காத குரலைக் கேட்டவரின் முகம்.

“பிள்ளை, ஓடாதை! எங்கட டகோட்டா!”

“அப்பான்ர பிளேனோ?”

“ஓம், ஓம்! அவள்தான்! வா, வந்து கையைக் காட்டு!”

அவள் திரும்பி ஓடிவந்து பெரிய வரம்பில் ஏறினாள். விமானம் தாழத்தான் வந்தது. இரண்டு பனை உயரம், மிஞ்சினால் மூன்று. முன் கண்ணாடி வெயிலில் பளிச்சென்று மின்னியது எனக்குத் தெரிந்தது. மகள் வலக்கையை நேரே உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினாள். முழங்கை மடங்கவில்லை. விமானம் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பியது. பதில் வரவில்லை என்று அவள் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். இரண்டாம் முறை வந்தபோது போட்டது.

அவளுக்கு வயது ஒன்பது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

டகோட்டா பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது. யார் எங்களுக்கு வந்து சொல்லப் போகிறார்கள்? எட்டாம் நாள் சடங்கு முடிந்த அன்று இவர் குசினிச் சுவரில் இருந்த மூடிகளை எல்லாம் ஆணியோடு பிடுங்கினார். சிரட்டையை எங்கே போட்டார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டதில்லை, அந்தப் பெயரைச் சொன்னதும் இல்லை. ஒரேயொரு முறை, நானாகக் கேட்டபோது மட்டும்தான் கதைத்தார்.

நான் கேட்டது இதுதான்: “அவன் பிள்ளையைக் கண்டிருப்பானோ?”

“இல்லை,” என்றார் உடனே. “மூக்கு நிமிர்ந்த பிளேன் அது. உள்ள இருந்து ஓட்டுறவனுக்கு வானம் மட்டும்தான் தெரியும். கீழ நிக்கிறது ஒண்டும் தெரியாது.”

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காணவில்லை என்றால், என் பிள்ளை இடிமின்னலுக்கு அகப்பட்ட மாதிரி. மின்னலோடு கோபித்துக்கொண்டு என்ன செய்வது? கண்டிருந்தால், ஒரு மனிதன் ஒரு சின்னப் பிள்ளை கை காட்டுவதைப் பார்த்துவிட்டு, வட்டமடித்து, திரும்ப வந்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்றிருக்க முடியாது. ஆனால் நான் மொக்கு இல்லை. கீழே நிற்பது தெரியாது என்றால் இவர் இத்தனை வருசம் யாருக்குக் கை காட்டினார்? அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன். எத்தனை இடம் பெயர்ந்தோம், எத்தனை கூடாரத்தில் கிடந்தோம், திரும்பி வந்து அதே காணியில் தகரம் போட்டு வீடு கட்டினோம். கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்தது. இவர் சாகுமுன், அல்லது நான் சாகுமுன், அது தெரியவேண்டும் என்று இருந்தது.

ஒப்பரேசன் முடிந்த மறுநாள் வவுனியாவில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கண்தான் செய்தது, மற்றது பிறகு. கறுப்புக் கண்ணாடி தந்து, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அழக்கூடாது என்று டொக்டர் சொன்னார். “அழுறதுக்கு என்ன கிடக்கு?” என்று இவர் பகிடி விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண் தெரிகிற எனக்கே ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார், அந்தக் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கு பாரும், அந்த மாட்டுக்குக் கொம்பு ஒன்று முறிஞ்சிருக்கு பாரும் என்று. சின்னப்பிள்ளை மாதிரி. புளியங்குளச் சந்தி வந்ததும் எனக்கு அந்த விமானத்தின் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் திரும்புங்கோ, தண்ணீர் குடியுங்கோ என்று போத்தலை நீட்டினேன். அவர் போத்தலைப் பார்க்கவில்லை.

“இறக்கம்!” என்று கத்தினார்.

நடத்துநர் ஏதோ வருத்தம் என்று பயந்து மணியடித்துவிட்டார். பையையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு நானும் இறங்க வேண்டியதாயிற்று.

இவர் நேரே இடது பக்க எஞ்சினுக்குப் போனார். காற்றாடியில் கையை வைத்தார். கடையின் விளம்பரம் ஒன்றை அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதைக்கூட அவர் விலக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். உள்ளே ஏறிப் பார்க்கலாம், முன் அறைவரை போகலாம் என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார்.

“நீர் போகாதையும்,” என்றார் இவர், திரும்பாமலே. “அங்க பாக்க ஒண்டும் இல்லை.”

“நான் போட்டு வாறன்,” என்றேன்.

“சொன்னாக் கேளும்.”

நான் கேட்கவில்லை. வாலுக்குக் கிட்ட இருந்த படியில் ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. உள்ளே மேசை போட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரை மேல்நோக்கிச் சரிந்திருந்தது. கதிரைகளைப் பிடித்துப் பிடித்து ஏறி, சின்னக் கதவுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தேன்.

இவ்வளவு சின்ன இடமா என்று இருந்தது. இரண்டு பேர் தோள் இடிக்காமல் இருக்க முடியாது. மணிக்கூடுகளில் பாதி இல்லை, ஓட்டைகளுக்குத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். இருந்தாலும் எனக்கு எல்லாம் தெரிந்தது. இது வேகம், இது உயரம், இது எண்ணெய். சிரட்டை இருந்த இடத்தில் அடிவான மணிக்கூடு, மேலே நீலம், கீழே மண்ணிறம். நடுவில் நெம்புகோல்கள், சோடி சோடியாக. ஒன்றுகூட இடம் பிசகவில்லை. இவர் ஒன்றையும் பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என் பிள்ளையை இதற்குள் இருத்தியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுக் காட்டியிருப்பாள்.

இடது கதிரையில் இருந்தேன். அவளுடைய கதிரையில். முன் கண்ணாடியால் பார்த்தேன். வானம். ஒரு முகில், வேறொன்றும் இல்லை. வீதியும் இல்லை, மரமும் இல்லை. இவர் சொன்னது உண்மைதான். எனக்குள் ஏதோ அவிழ்ந்து விழுந்தது. கடவுளே, அவன் காணவில்லை, என் பிள்ளையை அவன் காணவில்லை என்று வாய்விட்டே சொன்னேன். அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும்.

ஆனால் நிலத்தில் நிற்கும்போதுதானே மூக்கு நிமிர்ந்திருக்கும்? வானத்தில் நேராகத்தானே பறந்தது? நான் கண்டேனே. என்னுடைய தோளுக்குப் பக்கத்தில் யன்னல் இருந்தது. பிடியைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினேன். துருப்பிடித்த தண்டவாளத்தில் அது கிரீச்சிட்டுக்கொண்டு திறந்தது.

இவர் கீழே, எஞ்சினுக்கு முன்னால், காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் நின்றார். அந்தச் சத்தம் கேட்டதும் வலக்கை நேரே மேலே எழும்பியது. கட்டைவிரல். முழங்கை மடங்கவில்லை.

எல்லாம் தெரிந்தது. விரலில் நெல் வெட்டும்போது பட்ட பழைய தழும்பு தெரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. அவருக்கு அப்பால் வீதி, வீதிக்கு அப்பால் வயல், வயலுக்குள் ஒரு பெண் குடையோடு போவது, அந்தக் குடையின் நிறம்கூடத் தெரிந்தது. பனை உயரத்தில் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை வரம்பில் நின்று கையை உயர்த்தினால் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இவர் தன்னுடைய கையைத் தானே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையை இறக்கினார்.

நான் யன்னலை மூடிவிட்டு இறங்கினேன். செருப்பைத் தேடிப் போட எனக்கு நெடுநேரம் எடுத்தது. அவர் படியடிக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்.

“என்ன, ஏதும் தெரிஞ்சுதோ?” என்று கேட்டார்.

“ஒண்டும் தெரியேல்லை,” என்றேன். “வெறும் வானம்தான்.”

புதுக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலில் என் முகத்தை அவர் வடிவாகக் கண்டவர். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றும் தெரியும்.

“நான் அப்பவே சொன்னனான்தானே,” என்றார்.

“ஓம். சொன்னனீங்கள்.”

அடுத்த பஸ்ஸில் யன்னலோரத்தை எனக்கு விட்டுத் தந்தார். முறிகண்டியில் பஸ் நின்றதும் எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரிடம் போனார்கள். நாங்கள் இருவரும் மட்டும் உள்ளே இருந்தோம். வெளியே தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

“நான்தான் அவளைக் கூப்பிட்டனான்,” என்றார். “அவள் ஓடிப் போனவள். புளியமரத்தடிக்குப் போட்டாள். நான்தான் திருப்பிக் கூப்பிட்டனான்.”

இத்தனை வருசத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காக நான் அவரைத் திட்டாத நாளில்லை, மனதுக்குள். குசினியில், வயலில், கூடாரத்தில், பக்கத்தில் படுத்திருக்கும்போது. இன்று சொல்லுவோம், நாளை சொல்லுவோம் என்று சேர்த்து வைத்த சொற்கள் எவ்வளவோ இருந்தன.

“ஓம்,” என்றேன். “கையை வடிவாக் காட்டினவள். முழங்கை மடங்கேல்லை. நீங்கள் பழக்கின மாதிரியே காட்டினவள்.”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அழாதேங்கோ,” என்றேன். “டொக்டர் கூடாது எண்டு சொன்னவர்.”

அவர் கேட்கவில்லை. நான் சேலைத் தலைப்பை எடுத்து, ஒப்பரேசன் செய்யாத கண்ணை மட்டும் துடைத்துவிட்டேன்.